பனப்பாக்கத்து ஆலையும் பாலாற்றுக் கிணறுகளும்

இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா நிறுவனத்தின் மோட்டார் கார் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28ஆம் நாள் முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 9,000 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வாகனங்கள், 5,000 பேருக்கு வேலை என்பது திட்டம். இதனை நாம் வரவேற்கிறோம். தறிக்குழியை விட்டு ஏறிய இளைஞருக்கும், மழை பொய்த்தால் பெங்களூருக்கு ரயிலேறும் குடியானவர் பிள்ளைகளுக்கும் உள்ளூரிலேயே பிழைப்புக் கிடைப்பதை வேண்டாமென்று சொல்ல நமக்கு மனமில்லை. ஆயினும், ஆலை என்ற சொல்லைக் கேட்டவுடன் இப்பகுதி மக்கள் முதலில் தத்தம் கிணற்றைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு.

தோல் பதனிடுதல் இவ்வட்டாரத்திற்குப் பழந்தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளின் இடத்தைக் குரோமிய உப்பு பிடித்துக்கொண்டபின், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல்கள் உலகச் சந்தைக்குப் போயின. கழிவுநீர் பாலாற்றுக்குப் போயிற்று. ஒரு கிலோ தோலைப் பக்குவம் செய்ய ஏறத்தாழ 35 லிட்டர் நீர் வேண்டியிருந்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற கணக்கு 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே இடம் பெற்றிருக்கிறது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்திய நாட்டிற்கு நிலைநாட்டிய தீர்ப்பு அது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் அவ்வழக்கைத் தொடுத்தது 1991இல். இழப்பைக் கணக்கிட அமைந்த ஆணையம் 2001இல் 547 தொழிற்கூடங்கள் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் தரவேண்டும் என்றது. வகுத்துப் பாருங்கள்: தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூடத் தேறாது! விடுபட்டோர் பலர். 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்ட அனைவருக்கும் ஈடு வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட வேண்டியதாயிற்று. வழக்குத் தொடுத்தபோது ஏர் பிடித்தவர் இப்போது பேரனைக் கொண்டு மனு எழுதுகிறார்.

இந்த முப்பத்து நான்கு ஆண்டுகள் கற்பித்த தொழில்நுட்பப் பாடம் ஒன்று உண்டு. அழுக்கையெல்லாம் ஒரே வாய்க்காலில் கலந்துவிட்டுக் கடைசியில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் போதும் என்று முதலில் எண்ணினார்கள். குரோமியம் கசடாகப் படிந்தது. தோலைக் கெடாமல் வைக்கத் தூவிய கறியுப்போ கரைந்தபடியே வெளியேறியது. அதனைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கும் கொப்பரைகளும் பின்னர் வந்தன. அவற்றின் முடிவில் எஞ்சும் உப்பையும் கசடையும் எங்கே வைப்பது? 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் இத்தகைய கசடு தேக்கிய தொட்டி உடைந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். தோலை ஊறவைக்குமுன் உப்பை உதறி எடுத்துவிட்டால், அவ்வளவு உப்பு நீரில் சேராது. இதைச் செய்ய எந்திரம்கூட வேண்டியதில்லை.

கார் ஆலைக்கும் இதே கணக்குத்தான். தகட்டை அழுத்துவதும் பற்றவைப்பதும் நீரை அதிகம் கெடுப்பன அல்ல; வர்ணக்கூடமே கவலைக்குரிய இடம். காரின் கூடு எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப்பட்டு, வழக்கமாகத் துத்தநாக பாஸ்பேட்டுக் கரைசலில் முக்கப்படுகிறது. அதில் நிக்கலும் மாங்கனீசும் உண்டு. பின்னர் மின்சாரத்தின் துணையால் முதற்பூச்சு. ஒவ்வொரு முக்கலுக்கும் ஓர் அலசல். சாயமேற்றிய நூற்சிட்டத்தை அலசும் நம் நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும். மூன்று தொட்டி வைத்து, நல்ல நீரைக் கடைசித் தொட்டிக்கு மட்டும் விட்டு, அதன் வழிநீரை நடுத்தொட்டிக்கும் அங்கிருந்து முதல் தொட்டிக்கும் அனுப்பினால், நீர்ச்செலவு பன்மடங்கு குறையும். பாஸ்பேட்டுக்குப் பதில் சிர்க்கோனியக் கரைசலைக் கையாண்டால் கசடு வெகுவாகக் குறைகிறது. நீரில் கரைத்த வர்ணம் வந்தபின், அடுப்பிலிருந்து காற்றில் கலக்கும் கரைப்பான் ஆவியும் குறைந்துள்ளது. காரில் படியாமல் சிதறும் வர்ணத்துகளை நீரில் பிடிப்பது பழைய முறை. சுண்ணாம்புக்கல் தூளில் பிடிப்பது புதிய முறை. அந்தத் தூளைச் சிமெண்டு ஆலைக்கு அனுப்பலாம். இவையெல்லாம் உலகில் பல ஆலைகளில் நடைமுறையில் இருப்பவை. புதிதாகக் கட்டும்போது இவற்றை அமைப்பது எளிது. கட்டிய பின் மாற்றுவது பெருஞ்செலவு.

பெரிய ஆலையைப் பற்றி நமக்குள்ள அச்சம் குறைவே. அதன்மேல் பலர் கண் இருக்கும். அதைச் சுற்றி முளைக்கும் உதிரிப்பாகப் பட்டறைகளே நம் உறக்கத்தைக் கெடுப்பவை. கைப்பிடிக்கும் திருகாணிக்கும் முலாம் பூசும் சிறு கூடத்தில் நிக்கல் உண்டு, குரோமியம் உண்டு, பின்சுவரில் ஒரு குழாயும் இருக்கக்கூடும். ஆதலால், கழிவுநீர்க் கணக்கைக் காட்டாத பட்டறையிடம் பாகம் வாங்குவதில்லை என்ற நிபந்தனையை ஆலை தன் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அரசு அதனை அனுமதியின் பகுதியாக்க வேண்டும்.

பிறரைக் கேட்குமுன் நம் முதுகையும் பார்த்துக்கொள்வது முறை. திருப்பூரில் நொய்யலைக் கெடுத்தது காருமன்று, தோலுமன்று. துணிக்கு ஏற்றிய சாயம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. குடியாத்தத்திலும் ஆரணியிலும் சாயம் தோய்க்கும் நம் அன்பர்கள் மூன்று தொட்டிக் கணக்கைத் தங்கள் பட்டறையிலும் கடைப்பிடிப்பார்களாக.

இனி நம் சங்கங்கள் செய்யவேண்டியது. முன்பு நீர் எப்படி இருந்தது என்ற ஏடு இல்லாதவன் பின்பு கெட்டதென்று நிறுவுவது அரிது. காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்திலும் பனப்பாக்கம் சுற்றுவட்டாரத்திலும் உள்ள உறுப்பினர் கிணறுகளின் நீரை ஆலை முழு அளவில் ஓடுமுன் சோதித்துவிட வேண்டும். உப்பளவு காட்டும் கையடக்கக் கருவி இரண்டு உர மூட்டை விலைக்குள் கிடைக்கிறது. அதைச் சங்கமே வாங்கலாம். நிக்கல், துத்தநாகம், குரோமியம் ஆகியவற்றிற்கு ஆய்வகம் வேண்டும். அச்செலவை ஆலையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஏற்கவேண்டுமெனப் பொதுக்குழுவில் தீர்மானம் இயற்றி அனுப்புங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, மாசியில் ஒருமுறை, அதே கிணற்றில், இரு சாட்சிகள் முன்னிலையில் நீர் எடுத்து, நாளும் சர்வே எண்ணும் குறித்துச் சங்கப் பதிவேட்டில் கையொப்பம் இடுங்கள்.