வண்டி நம் பெயரில். பாலிசியில் நாம் இருக்கிறோமா?

சென்ற மாதம் உத்திரமேரூர் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து ஒரு தம்பி நம்மைப் பார்க்க வந்தார். தாட்கோ மூலம் கடன் வாங்கி மினி லாரி எடுத்தவர். அவர் குடும்பத்தில் ஆர்.சி.யில் பெயர் ஏறிய முதல் ஆள். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. முதல் வருட இன்சூரன்ஸ் முடியப்போகிறது. மூன்று கொட்டேஷன்களை மேசைமேல் வைத்து, "அண்ணே, இதுல எது கம்மி?" என்றார்.

"தம்பி, உன் வண்டியில யாரெல்லாம் ஏறுறாங்க?" என்று கேட்டோம்.

நெல் மூட்டை, காய்கறி, சில நாள் எம்-சாண்ட். ஏற்றி இறக்க இரண்டு பேர். நடவுக் காலத்தில் விடியற்காலையில் பதினைந்து இருபது பெண்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு. சொல்லிக்கொண்டே வந்தவர், "ஏப்ரல் 14க்கும் நம்ம வண்டிதானே அண்ணே, உங்க மாநாட்டுக்கும் நான்தானே ஆள் ஏத்திக்கிட்டு வந்தேன்" என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு அந்த மூன்று கொட்டேஷன்களிலும் இடமில்லை.

லாரி இன்சூரன்ஸ் எல்லாம் ஓர் அரசியலா என்று சில தோழர்கள் கேட்கலாம். உத்திரமேரூர் என்றால் குடவோலை, ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது? குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். நம் ஆட்களின் பெயரை எழுத அங்கே ஓலையே கிடையாது. ஆயிரம் ஆண்டு கழித்து, 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அதுவும் நிபந்தனையோடு வந்ததால்தான் நம் தாத்தாக்கள் அதைக் 'கண்டிஷன் நிலம்' என்றார்கள். நம்மைக் காக்க எழுதிய அந்த நிபந்தனையை மீறி, கடன் பத்திரத்திலும் கைநாட்டிலும் நிலம் கைமாறிப் போனது. அதை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள்.

படிக்காத காகிதத்தால் ஒரு தலைமுறை நிலத்தை இழந்தது. இந்தத் தலைமுறைக்குக் கிடைத்திருக்கும் சொத்து நான்கு சக்கரத்தில் ஓடுகிறது. அதற்கும் ஒரு காகிதம் இருக்கிறது. அதிலும் கண்டிஷன்கள் இருக்கின்றன.

முதலில் விலையைப் பார்ப்போம். சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தின் அடிப்படை விகிதத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி சரக்கு வாகனத்துக்கு, மொத்த எடை 7,500 கிலோ வரை 16,049 ரூபாய். 12,000 கிலோ வரை 27,186. 20,000 வரை 35,313. 40,000 வரை 43,950. அதற்கு மேல் 44,242. ஜி.எஸ்.டி. தனி. குட்டி யானையும் 407-ம் முதல் வரிசையில் வரும். எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இந்தத் தொகை ஒன்றுதான். அப்படியானால் ஒரு கொட்டேஷன் மட்டும் எப்படி ஐந்தாயிரம் குறைகிறது? வண்டிக்கான சேதக் காப்பீட்டில் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும் என்பது உண்மை. ஆனால் பல நேரம், ஏதோ ஒரு வரியை எடுத்துவிட்டுத்தான் குறைக்கிறார்கள். எந்த வரி என்று தேட வேண்டும்.

முதல் வரி, ஓனர்-டிரைவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. தேர்ட் பார்ட்டி என்பது நம்மால் அடிபட்டவருக்கு. வண்டியை ஓட்டும் ஓனருக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. அவருக்கு இருப்பது இந்த ஒரு வரிதான். 2018 வரை ஒரு லாரி ஓனரின் உயிருக்கு இதில் வைத்த விலை 2 லட்சம். சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை 15 லட்சமாக்கியது. 'ஏற்கெனவே வேறு பாலிசி இருக்கிறது' என்று டிக் அடித்து இதை எடுத்துவிடும் ஏஜென்ட்டுகள் உண்டு. நம் தம்பியின் மிகக் குறைந்த கொட்டேஷனில் நடந்ததும் இதுதான். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே ஓட்டினால்தான், செல்லும் லைசென்ஸ் இருந்தால்தான் இந்தப் பணம் வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, வேலையாட்கள். சம்பள டிரைவர், கிளீனர் ஆகியோருக்கு ஐ.எம்.டி. 28 என்ற இணைப்பும், ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு ஐ.எம்.டி. 39 என்ற இணைப்பும் உண்டு. ஆளுக்கு மிகச் சிறிய தொகைதான். கேட்டால்தான் சேர்ப்பார்கள். மூட்டை தூக்குகிறவர் யார்? நம் தெருவில் இருக்கும் மாமாவும் சித்தப்பாவும்தான்.

மூன்றாவது, ஐ.எம்.டி. 23. சரக்கு வாகனத்தில் 'ஃபுல் இன்சூரன்ஸ்' எடுத்தாலும் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பெயின்ட் இவற்றுக்குச் சாதாரணமாகப் பணம் கிடைக்காது. சின்ன விபத்தில் முதலில் போவது இவைதான். இந்த இணைப்பை எடுத்திருந்தால் கிடைக்கும்.

நான்காவது, ஐ.டி.வி., அதாவது வண்டிக்குப் பாலிசியில் போடும் மதிப்பு. அதைக் குறைத்தால் பிரீமியம் குறையும். ஆனால் வண்டி முழுதாகப் போனால் வருவதும் குறையும். வருகிற பணமும் முதலில் ஃபைனான்ஸுக்குப் போகும். மிச்சம்தான் நமக்கு. பாக்கி டியூவைவிட மதிப்பைக் குறைத்துப் போட்டால் வண்டியும் இருக்காது, கடன் மட்டும் இருக்கும்.

இனி கடினமான பகுதி. பின்னால் ஏறும் பெண்கள்.

சரக்கு வாகனத்தில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு வரலாம். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அவர்களுக்கு இழப்பீடு உண்டு. மற்றபடி சும்மா ஏறி வருகிறவர்களுக்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கிலும், 2004இல் பல்ஜித் கவுர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சில வழக்குகளில் 'முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்' என்று உத்தரவு வரும். அப்போதும் கடைசியில் கட்ட வேண்டியவர் ஓனர்தான். வண்டி கவிழ்ந்தால் செத்தவரும் சேரி, கட்ட வேண்டியவரும் சேரி. நடவுக்கு ஆள் கூப்பிட்ட நிலக்காரர் இந்தக் கணக்கிலேயே வர மாட்டார்.

எந்தக் கம்பெனியிலும் இதற்குப் பாலிசி வாங்க முடியாது. ஆகவே ஆட்களை ஏற்றாதே என்பதுதான் சரியான பதில். சொல்வது சுலபம். காலனிக்குள் பஸ் வருவதில்லை. சாவுக்கு வண்டி கேட்டு வரும் பெரியம்மாவிடம் அந்தத் தம்பி எப்படி முடியாது என்பார்? "வண்டி வாங்கினதும் தலைக்கனம் வந்துடுச்சு" என்று தெருவே பேசும். அவரைத் தனியாக நிறுத்தி நாம் அறிவுரை சொல்லக் கூடாது. முதலில் நாம் கேட்பதை நிறுத்த வேண்டும். மாநாட்டுக்கும் ஊர்வலத்துக்கும் குட்டி யானையில் நாற்பது பேரை நிற்கவைத்து அழைத்து வந்து, கூட்டத்தைக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறோம். அந்த நாற்பது பேரின் உயிருக்கு எந்தக் காகிதமும் இல்லை என்று தெரிந்தும் தெரியாமலும் செய்தோம். நம் அடுத்த கூட்டத்துக்குப் பயணிகள் பெர்மிட் உள்ள வேனும் பஸ்ஸும்தான். கூட்டம் குறைந்தால் குறையட்டும். காலனிக்குக் காலை நேரப் பஸ் வேண்டும், விவசாயக் கூலிகளைப் பாதுகாப்பான வண்டியில் அழைத்துப் போகும் செலவு வேலை கொடுப்பவருடையது என்ற கோரிக்கைகளை மனுவாக எழுதுவோம்.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. மானியத்துக்காகவோ கடனுக்காகவோ உங்கள் பெயரில் வண்டி எடுத்துக்கொள்கிறேன் என்று யாராவது கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். யார் ஓட்டினாலும், யாருக்கு விற்றிருந்தாலும், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே சட்டத்தின் கண்ணில் ஓனர் என்று 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லாபம் அவருக்கு, வழக்கு உங்களுக்கு என்று ஆகிவிடும்.

நல்ல செய்தியும் உண்டு. 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வாகனத்தை இலகு ரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. 'லைசென்ஸ் சரியில்லை' என்று கிளைமை மறுத்தால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள். ஆனால் பெர்மிட்டும் எஃப்.சி.யும் உயிரோடு இருக்க வேண்டும். மறுப்பு வந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலும், பதில் சரியில்லையென்றாலும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் உதவி எண் 155255.

அந்தத் தம்பி கடைசியில் மூன்றில் நடுவிலிருந்த கொட்டேஷனை எடுத்தார். விடுபட்ட இணைப்புகளைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டார். குறைந்த கொட்டேஷனைவிட நாலாயிரத்துச் சொச்சம் கூட. "ரெண்டு நடை லோடு அண்ணே, போகட்டும்" என்றார். நடவுக்கு ஆள் ஏற்றுவதைப் பற்றிக் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீங்க பஸ் கேட்டு மனு குடுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

தோழர்களே, வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். நகலை வரிக்கு வரி படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலனியில் வண்டி வைத்திருக்கும் அண்ணனிடம் போய்ப் பாலிசியைக் கேளுங்கள். மேலே சொன்ன நான்கு வரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் புதுப்பிக்கும் தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மனுவில் கையெழுத்து வாங்க நாமும் வருகிறோம்.

ஜெய்பீம்.