வெண்ணெய் உருண்டையைத் தள்ளுகிறவர்கள்

மாமல்லபுரத்துப் பாறைச் சரிவில் நிற்கும் ‘வெண்ணெய் உருண்டை’ என்ற பெரும்பாறையை ஒற்றைக் கையால் தள்ளுவது போலவும் உள்ளங்கையில் ஏந்துவது போலவும் காட்டும் காணொளி, கேமராவுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தூரத்தை வைத்துக் கண்ணை ஏமாற்றும் கலை. பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பாவனையும் இதே வகைதான். நெடுங்காலம் நிழற்படத்தில் உறைந்திருந்த பாவனையை முதலில் டிக்டாக்கும், 2020 ஜூன் இறுதியில் அது தடைசெய்யப்பட்டபின் அடுத்த மாதமே இந்தியாவுக்கு வந்த இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் அசைய வைத்தன.

வானிறைக் கல் என்றும் வழங்கும் இந்தப் பாறை ஏறத்தாழ 6 மீட்டர் உயரமும் 250 டன் எடையும் கொண்டது என்பர். யாரும் தூக்கி வைத்ததல்ல. வெயிலும் மழையும் காலங்காலமாகச் சிதைத்தது போக எஞ்சிய உருண்டை. அதன் எடைமையம் தாங்கும் அடிப்பகுதிக்கு நேர் மேலே அமைவதாலும், சரிவோடுள்ள உராய்வாலும் அது நிற்கிறது. 1908இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைப் பூட்டி இழுத்தும் அசையவில்லை என்பது ஊரில் வழங்கும் செய்தி. 2019 அக்டோபர் 11 அன்று நரேந்திர மோடியும் ஷி ஜின்பிங்கும் இதன் முன் கைகோத்து நின்ற படம் உலகம் முழுவதும் போனது.

தள்ளும் பாவனைக்கு அடிப்படை எளிய கணக்கு. ஒரு பொருள் படத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது, அதன் உயரத்தைக் கேமராவிலிருந்து அது இருக்கும் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும். 18 சென்டிமீட்டர் நீள உள்ளங்கை கேமராவுக்கு அரை மீட்டர் முன்னே இருந்தால், 6 மீட்டர் பாறை சுமார் 17 மீட்டர் தள்ளி இருக்கும்போது இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். கை பாறையை ஏந்திக்கொள்ளும். ஆள் முழு உருவமாக நின்று தள்ள வேண்டுமானால் ஆள் 4 மீட்டரிலும் பாறை 12 மீட்டரிலும் இருப்பது பொருத்தம். பலர் பாறையை ஒட்டிப் போய் நின்றுகொண்டு, படத்தில் எறும்பு போலத் தெரிகிறோமே என்று வருந்துகிறார்கள். அவர்கள் பாறையை விட்டுக் கேமராவை நோக்கி நடந்து வந்தால் போதும்.

இந்த வேலைக்கு விலையுயர்ந்த கேமராவைவிட மொபைலே மேல். அதன் லென்ஸின் குவியத் தூரம் மிகக் குறைவு என்பதால் அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஏறக்குறைய ஒரே தெளிவோடு பதிகின்றன. பெரிய கேமராவில் பின்னால் இருக்கும் பாறை மங்கிவிட்டால் பாவனை அங்கேயே உடைந்துபோகும். மொபைலிலும் பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியை அணைத்துவிட வேண்டும். கேமரா தரையோடு தாழ்ந்திருந்தால் ஆளின் பாதமும் பாறையின் அடியும் ஒரே கோட்டில் வந்து, இடையிலுள்ள தரை மறையும். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் கமல்ஹாசன் நடித்த குள்ளமான அப்பு நடந்து வரும் சில காட்சிகளுக்குத் தரையில் பள்ளம் தோண்டியதும், கேமராவுக்குத் தெரியும் தரை எது என்பதைத் தீர்மானித்த வேலைதான்.

அசையும் படத்தில் சிக்கல் கூடுகிறது. மொபைல் சற்றே பக்கவாட்டில் நகர்ந்தாலும் அருகில் இருப்பவர் அதிகமாகவும் பாறை குறைவாகவும் நகர்வதால் தூரம் வெளிப்பட்டுவிடும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் முக்காலி நிறுத்துவதற்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். ஆகவே முழங்கையை முழங்காலில் ஊன்றி அமர்வதே வழி. பாறை அசைவதாகக் காட்ட, மொபைலை லென்ஸை மையமாக வைத்து மெல்லச் சாய்க்கலாம். அதே நேரத்தில் நடிப்பவரும் மொபைல் சாயும் பக்கமே சாய்ந்தால் அவர் நிமிர்ந்திருக்க, பாறை மட்டும் சரிவதாகத் தோன்றும். பின்னணியில் வானம் தவிர மரமோ கட்டடமோ இருக்கக் கூடாது. மீதி எல்லாம் நடிப்பு: சிரித்துக்கொண்டு தள்ளுகிறவரை யாரும் நம்புவதில்லை, குதிகால் அழுந்தி, தோள் இறங்கி, மூச்சு அடங்கினால்தான் 250 டன் தெரியும்.

புதிதாக வீடியோ எடுக்கப் பழகும் இளைஞர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இதில் பெரிய பணச் செலவும் இல்லை, உயிர் ஆபத்தும் இல்லை. வியப்பு முழுவதும் அறிவிலிருந்து பிறக்கிறது. ஓடும் ரயிலுக்கு நெருக்கமாக நின்று எடுக்கும் ரீல்ஸ் இதற்கு நேர் எதிரானது. அங்கே வியப்பின் விலை உயிர். தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவதற்கு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அருகே இருப்பதாகத் தோன்றுவதற்கு அருகே போக வேண்டியதில்லை என்பதை வெண்ணெய் உருண்டையில் பழகியவர் அறிவார். கடற்கரைக் கோயிலை ஒட்டிய அலையில் இறங்குவோருக்கும் இது பொருந்தும்.

மாமல்லபுரத்தின் எல்லாச் சிற்பமும் இதற்கு ஏற்றதல்ல. அர்ச்சுனன் தபசு அடுத்தடுத்த இரு பெரும்பாறைகளின் முகத்தில் விரிந்த புடைப்புச் சிற்பம்; அதன் முன் வேண்டிய தூரம் விட்டு நிற்பதற்குச் சாலையின் நடமாட்டம் இடந்தராது. ஐந்து ரதங்களின் மணல்வெளி தோதானது. அங்கே போகுமுன் வீட்டு மாடியில் ஒத்திகை பார்க்கலாம்: 15 சென்டிமீட்டர் தேங்காயை மொபைலுக்கு அரை மீட்டர் முன்னே வைத்து, ஒருவரை ஐந்தரை மீட்டர் தள்ளி நிறுத்தினால், தேங்காய் ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும்.