பல்லில் படிந்த கல்லும் மனதில் படிந்த பயமும்



"பல்லைச் சுத்தம் பண்ணக் கொடுத்தால் நன்றாக இருக்கிற பல்லும் ஆட ஆரம்பித்துவிடும்." இந்த வார்த்தையைக் கேட்காத வீடு எங்கள் மஸ்கெலியாப் பக்கம் இருக்காது. பக்கத்து வீட்டு ராத்தா சொல்வார், மாமி சொல்வார், சில வேளை படித்த பிள்ளைகளும் சொல்வார்கள். அதோடு இன்னும் சில சேர்ந்துகொள்ளும்: பல்லுக்குப் பல் சந்து விழுந்துவிடும், எனாமல் தேய்ந்துவிடும், ஒரு முறை செய்தால் ஆயுள் முழுக்கச் செய்துகொண்டே இருக்க வேண்டும். முரசில் இரத்தம் வந்தாலும், வாயில் வாடை வந்தாலும், இந்தப் பேச்சை நம்பி வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் நம்மிடையே நிறையப் பேர்.

அரபு படித்துக்கொடுக்கிறவருக்குப் பல்லைப் பற்றி என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நோன்பைப் பற்றியும் உளூவைப் பற்றியும் வரும் கேள்விகளோடு சேர்ந்துதான் இந்த விஷயமும் வருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பல்லைச் சுத்தம் செய்யாமலே விட்டால் என்ன ஆகும்? இதற்குச் சாட்சி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டத்திலேயே அது இருக்கிறது. 1970ஆம் ஆண்டு நோர்வே நாட்டுப் பல் வைத்தியப் பேராசிரியர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ ஆகிய தோட்டங்களுக்கு வந்தார்கள். 14 வயது முதல் சுமார் 30 வயது வரையான 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். பிரஷ் கொண்டு பல் துலக்கும் பழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. பல் வைத்தியரிடம் போய்ச் சுத்தம் செய்துகொண்டவர்களும் இல்லை. அதே ஆட்களை 1985 வரை, 15 வருடங்களாகத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். கடைசியில் 161 பேர் எஞ்சியிருந்தார்கள். 2010இல் வேறொரு குழு மீண்டும் தேடிப் போனபோது 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. முரசு நோயைப் பற்றிப் படிக்கும் பல் வைத்திய மாணவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த ஆய்வைப் படிக்காமல் போவதில்லை. ஆனால் நம் மலைநாட்டில் இதைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தொழிலாளர்களுக்குச் சூத்தைப் பல் அநேகமாக இல்லை. ஆகவே விழுந்த பற்கள் எல்லாம் முரசு நோயால் விழுந்தவையே. நூற்றுக்கு 8 பேர் அளவில் நோய் மிக வேகமாக ஓடியது. இவர்களுக்கு 35 வயதில் சராசரியாக 12 பற்கள் போய்விட்டன, 40 வயதில் 20 போய்விட்டன, 45 வயதில் வாயில் பல்லே இல்லை. நூற்றுக்கு 81 பேருக்கு நோய் நிதானமாக ஓடியது. 45 வயதில் அவர்கள் இழந்தது சராசரி 7 பற்கள். மிச்சம் 11 பேருக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகவில்லை. "எங்கள் வாப்பும்மா பிரஷைக் கண்ணாலும் பார்த்ததில்லை, கடைசிவரை முப்பத்திரண்டு பல்லும் இருந்தது" என்று சொல்கிறோமே, அந்த வாப்பும்மா இந்தப் பதினொரு பேரைச் சேர்ந்தவராக இருக்கலாம். நாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பது முன்கூட்டித் தெரியாது, அதுதான் பிரச்சினை.

இதே காலத்தில் நோர்வேயின் ஒஸ்லோ நகரத்தில் ஒழுங்காகப் பல் துலக்கி, ஒழுங்காக வைத்தியரிடம் போய்வந்த ஆண்களையும் இவர்கள் பரிசோதித்தார்கள். 40 வயதை எட்டும்போது பல்லைப் பிடித்திருக்கும் தசையும் எலும்பும் அங்கே சுமார் ஒன்றரை மில்லிமீற்றர் இறங்கியிருந்தன. நம் தோட்டத்தில் சுமார் நாலரை மில்லிமீற்றர். (பரிசோதித்தது ஆண்களை மட்டும்தான். கொழுந்து பறிக்கும் பெண்களின் வாயை யாரும் அளந்து பார்க்கவில்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.)

சுத்தம் செய்யாததால் ஆடிய பற்கள் இவை. அப்படியானால் சுத்தம் செய்ததால் ஆடுகிறது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது இத்தனை காலம் நிலைத்து நிற்கிறது. பல்லின் மேல் கிருமிகளின் மெல்லிய படலம் ஒன்று தினமும் படிகிறது. துலக்காமல் விட்டால் உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து சில நாட்களிலேயே அது இறுகத் தொடங்குகிறது. இதைத்தான் பற்காறை, பற்கல் என்கிறோம். கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாகத் தட்டுப்படும். கல்லான பிறகு பிரஷுக்கும் போகாது, மிஸ்வாக்குக்கும் போகாது. மிஸ்வாக் படலத்தை நன்றாக எடுக்கும், கல்லாகி விட்டதை எடுக்காது. உப்பையும் கரியையும் செங்கல் தூளையும் போட்டுத் தேய்த்தால் தேய்வது பல்தான்.

இந்தக் கல் முரசுக்குக் கீழே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரையச் செய்கிறது. அதே நேரம் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே சீமெந்து பூசியது போல அடைத்துக்கொண்டும் நிற்கிறது. உள்ளே ஆடத் தொடங்கிய பல்லும் வெளியே அசையாமல் இருப்பதாகத் தோன்றும். டொக்டர் அந்தக் கல்லை எடுத்தவுடன் மறைந்திருந்த சந்து தெரிகிறது, பல்லின் அசைவும் தெரிகிறது. வீங்கியிருந்த முரசு வற்றிச் சுருங்கும்போது சந்து இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். பழி டொக்டர் மேல் விழுகிறது! உண்மையில் எலும்பு கரைந்தது முன்னைய வருடங்களில். வீக்கம் வற்றிய பிறகு முரசு இறுகி, ஆடிய பல் ஓரளவு நிலைப்படுவதும் உண்டு.

எனாமல் பற்றிய பயமும் அப்படித்தான். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அது. ஸ்கேலிங் இயந்திரத்தின் முனை நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் அதிர்ந்து, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே கல்லை உதிர்க்கிறது. பழகிய கை பல்லைச் செதுக்குவதில்லை. அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். பல் பால்போல வெளுத்துவிடும் என்று எதிர்பார்த்துப் போகவும் வேண்டாம். வெற்றிலைக் கறையும் தேயிலைக் கறையும் போகும், பல்லின் சொந்த நிறம்தான் மிஞ்சும்.

பிள்ளை வயிற்றிலிருக்கும்போது பல் பக்கமே போகக்கூடாது என்பதும் சரியல்ல. கர்ப்ப காலத்தில் உடலில் ஏற்படும் மாற்றத்தால் முரசு இலகுவில் வீங்கி இரத்தம் கசியும், அப்போதுதான் சுத்தம் கூடுதலாகத் தேவை. நடு மூன்று மாதங்கள் வசதியானவை. டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இருதய வால்வில் கோளாறு, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, சீனி வியாதி, இவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சீனி வியாதிக்காரருக்கு முரசு நோய் வேகமாக ஓடும்.

ஒரு முறை செய்தால் விட முடியாது என்பதற்குப் பதில் சுருக்கமானது. குளித்தால் மறுபடியும் குளிக்க வேண்டி வருகிறது என்று யாரும் குளிக்காமல் இருப்பதில்லை. எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பது வாய்க்கு வாய் வித்தியாசப்படும், அதை டொக்டர் சொல்வார். வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்கள் கட்டாயம் போக வேண்டும். நம் நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றும் ஒன்று. வாய்க்குள் வெள்ளைப் படை ஏதும் இருந்தால் அதுவும் டொக்டரின் கண்ணில் படும்.

சுத்தம் செய்த ஓரிரு நாட்களுக்கு முரசில் இலேசாக இரத்தம் தெரியலாம். உப்பிட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொப்பளித்தால் போதும். மென்மையான பிரஷால் துலக்குவதை நிறுத்த வேண்டாம். பல் கூசுவது சில நாட்களில், கூடிப்போனால் இரண்டு வாரத்தில் அடங்கும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் சுபஹு நேரத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், உளூவில் வாய் கொப்பளிக்கக் கொஞ்சம் சுடுதண்ணீர் கலந்துகொள்ளுங்கள். இரத்தம் நிற்காவிட்டாலோ, முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ திரும்பப் போய்க் காட்ட வேண்டும்.

இனி நோன்பு. பல்லைச் சுத்தம் செய்வதால் மட்டும் நோன்பு முறியாது. ஆனால் பீய்ச்சும் தண்ணீரோ இரத்தமோ தொண்டைக்குள் இறங்கினால் பிரச்சினை, ஸ்கேலிங்கின்போது அதைத் தடுப்பது இலேசான காரியமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இது இலவசம். ஆனால் பல் கிளினிக் நடப்பது பகலில்தான். ஆகவே ஷஃபான் மாதத்திலேயே ஒரு நாள் போய் நம்பர் எடுத்துவிடுங்கள்.