கோட்டைப் பார்ப்பது யார்?

விளையாட்டு மைதானத்திலும் எந்திர மூளை நுழைந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு என்று இதைச் சொல்லுகிறார்கள்.

லண்டனில் உள்ள விம்பிள்டனில் 1877-ம் ஆண்டு முதல் டென்னிஸ் போட்டி நடந்து வருகிறது. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று பார்த்துச் சொல்ல, ஓரத்தில் ஆட்கள் நிற்பார்கள். ஏறக்குறைய 300 பேர் செய்து வந்த அந்த வேலை, 2025-ம் ஆண்டில் எந்திரத்திடம் போய்விட்டது. காமிராக்கள் பந்தைப் படம் பிடிக்கும். கம்ப்யூட்டர் கணக்குப் போடும். ஒலிபெருக்கி "அவுட்" என்று கூவும். (குரல் மட்டும் மனிதக் குரல்தான்! முன்பே பதிவு செய்து வைத்தது.)

அந்த ஆண்டு ஜூலை 6-ந் தேதி என்ன நடந்தது?

ரஷிய வீராங்கனை பாவ்லியுசென்கோவாவும், இங்கிலாந்து வீராங்கனை சோனே கார்டலும் மோதினார்கள். முதல் செட்டில் 4-4 என்று சமமாக இருந்தார்கள். கார்டல் அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை! நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். டெலிபோனில் விசாரித்தார். "மறுபடியும் ஆடுங்கள்" என்றார். ரஷியப் பெண்ணுக்குச் சேர வேண்டிய 'கேம்' கைமாறிப் போயிற்று.

காரணம்? எந்திரத்தின் ஒரு பகுதியை யாரோ தவறுதலாக நிறுத்தியிருந்தார்கள். நடுவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு கேமில் மூன்று பந்துகளை எந்திரம் கவனிக்கவில்லை. இரண்டை நடுவரே பார்த்துச் சொல்லிவிட்டார். மூன்றாவதில்தான் இந்தக் குழப்பம்.

நல்ல வேளை, பாவ்லியுசென்கோவா 7-6, 6-4 என்று ஜெயித்துவிட்டார். தோற்றிருந்தால்? போட்டியை நடத்தியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ஆட்டத்தின் நடுவே எந்திரத்தை யாரும் நிறுத்த முடியாதபடி மாற்றினார்கள்.

எந்திரமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் பந்தில் மனிதக் கண்ணும் ஏமாறும். பாரிஸ் போட்டியில் 2025-லும் ஆட்களே கோட்டைப் பார்த்தார்கள். அங்கே தரையில் செங்கல் பொடி. பந்தின் தடம் பதியும். நடுவர் இறங்கி வந்து, குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம். விம்பிள்டன் புல்தரையில் அது நடக்காது. ஆகவே, எந்திரம் இருக்கட்டும்.

ஆனால், எந்தப் போட்டியில் அதை வைத்தாலும், அது வேலை செய்கிறதா, நின்றுவிட்டதா என்று நடுவருக்குத் தெரிய வேண்டாமா? அவர் நாற்காலி அருகே ஒரு சிவப்பு விளக்கு போதுமே! அது எரிந்தால், தம் கண்ணால் பார்த்ததை அவர் தயங்காமல் சொல்லிவிடலாம்.