சராசரியில் கரையும் உச்சம்

இலங்கையின் பொல்கொல்லையில் திருப்பிவிடப்படும் மகாவலி நீர், சுரங்கம் வழியாக வந்து உக்குவளையில் 1976 முதல் மின்சாரம் தருகிறது. சுமையைப் பாராமல் மின்நிலையம் நடத்துவார் உண்டா? குப்பை மின்னஞ்சல்களை வடிகட்டும் சேவர்களை நம் அலுவலகங்கள் பல அப்படித்தான் நடத்துகின்றன. சுமையைக் காட்டும் வரைபு இருந்தாலும் எந்த வரைபைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். அத்தகைய வரைபுகளை வரையும் எம்ஆர்டிஜி மென்பொருளின் நாள் வரைபில் இருப்பது 5 நிமிடச் சராசரி. மாத வரைபில் 2 மணிநேரச் சராசரி. ஆண்டு வரைபில் ஒரு முழு நாளின் சராசரி. திங்கள் காலை ஒன்பதரைக்கு ஒரு சேவர் திணறி மடல்கள் தேங்கியிருந்தால், ஆண்டுப் படத்தில் அதன் தடயமே இராது. அதைப் பார்த்துவிட்டு மேலதிகாரி, "கோடு நேராகத்தானே போகுது, புது சேவர் எதுக்கு?" என்பார். (அவரைக் குறைசொல்ல முடியாது, படம் அப்படி.) ஒவ்வொரு சேவருக்கும் உச்ச அளவைத் தனிக்கோடாகச் சேமிக்க வேண்டும். காத்திருக்கும் மடல்களின் எண்ணிக்கையையும் அதே படத்தில் வரையுங்கள்.