காசு கொடுத்து வாங்கிய கருவிக்குச் சாவி யாரிடம்?

பி.எஸ்.பி.யில் ஹோம்ப்ரூ போடுவது திருட்டா? இந்தக் கேள்வியை எடுத்தாலே பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "ஓசியில் கேம் ஆட நினைக்கிறவன் செய்கிற வேலை அது" என்பது ஒரு கட்சி. "காசு கொடுத்தது நான், கருவி என்னுடையது, இதில் சோனிக்காரனுக்கு என்ன வேலை?" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு பாதியையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தது கேம் ஆடுகிறவர்கள் அல்ல, சோனிதான்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. பி.எஸ்.பி. என்பது சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி. 2004 டிசம்பர் 12 அன்று ஜப்பானிலும், 2005 மார்ச் 24 அன்று அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க விலை 249.99 டாலர். அந்தக் காலத்துக்கு அது ஒரு குட்டிக் கணினி மாதிரி. அருமையான திரை, வைஃபை, மெமரி ஸ்டிக், பாட்டு, படம் எல்லாம் உண்டு. ஆனால் வெளியார் எழுதிய ஒரு சின்ன நிரலைக்கூட அதில் ஓட்ட முடியாது. எந்த நிரலைத் திறந்தாலும், அதில் சோனியின் டிஜிட்டல் முத்திரை இருக்கிறதா என்று கருவி முதலில் பார்க்கும். இல்லையென்றால் கதவு திறக்காது. முத்திரை இல்லாத, வீட்டில் உட்கார்ந்து ஆர்வலர்கள் எழுதிய நிரல்களுக்குத்தான் ஹோம்ப்ரூ என்று பெயர். மின்னூல் படிக்கும் நிரல், பழைய கருவிகளின் கேம்களை ஓட்டும் எமுலேட்டர், இணைய வானொலி, யாரோ ஒரு மாணவர் சொந்தமாக எழுதிய கேம் என்று எல்லாமே இதில் அடக்கம்.

முதலில் வந்த ஜப்பானியக் கருவிகளில் (ஃபர்ம்வேர் 1.00) இந்தச் சோதனையே ஒழுங்காக இல்லை. 2005 மே மாதத்திலேயே ஆர்வலர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவுக்கு வந்த 1.50-ல் ஓட்டையை அடைத்திருந்தார்கள். அதற்கு ஜூன் மாதமே மாற்று வழி வந்தது. அதுதான் வேடிக்கை. நிரலைத் தொடங்கிய கையோடு, சரியான கணத்தில் ஒரு மெமரி ஸ்டிக்கை உருவிவிட்டு இன்னொன்றைச் செருக வேண்டும்! ஜேப்படிக்காரன் கைவேகம் வேண்டும். நல்லவேளை, சில நாட்களிலேயே ஒரே ஸ்டிக்கில் முடியும் வழியும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எலிக்கும் பூனைக்குமான ஓட்டம். 2.0 ஃபர்ம்வேரில் சோனி இணைய உலாவியைச் சேர்த்தது. உலாவி வேண்டும் என்று மேம்படுத்தியவர்களுக்கு ஹோம்ப்ரூ போய்விடும். தூண்டில் புழு என்றால் இதுதான். சில மாதங்களுக்குள் ஒரு புகைப்படக் கோப்பைத் திறந்தாலே 2.0-ன் பூட்டு விட்டுக்கொடுக்கும் என்று கண்டுபிடித்தார்கள். அடுத்து ஜி.டி.ஏ. லிபர்டி சிட்டி ஸ்டோரீஸ் கேமின் சேமிப்புக் கோப்பில் ஒரு ஓட்டை. 2007-ல் லூமினெஸ் கேமில் இன்னொன்று. அது கருவியோடு முதல் நாளே வந்த பழைய கேம். திடீரென்று எல்லாரும் அந்தத் தட்டைத் தேடி அலைந்தார்கள். சோனியின் பூட்டைத் திறக்க சோனி கருவிக்கான கேமையே காசு கொடுத்து வாங்கினார்கள்!

இதற்கெல்லாம் சிகரம் 2007 ஆகஸ்டில் வந்த பண்டோரா பேட்டரி. பி.எஸ்.பி. பேட்டரிக்குள் ஒரு குட்டி நினைவகம் உண்டு, அதில் ஒரு வரிசை எண் இருக்கும். அந்த எண்ணை ஒரு குறிப்பிட்ட மதிப்புக்கு மாற்றிவிட்டால், கருவி "ஓகோ, பழுதுபார்க்கும் இடத்துக்கு வந்துவிட்டோம் போல" என்று நினைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரை விட்டுவிட்டு நேராக மெமரி ஸ்டிக்கில் இருந்தே துவங்கும். சோனி தன் பழுதுநீக்குபவர்களுக்காக வைத்திருந்த வழி அது. இதனால் என்ன ஆயிற்று? ஃபர்ம்வேர் கெட்டுச் செங்கல் ஆகிப்போன பி.எஸ்.பி.கள் உயிர்பெற்று எழுந்தன. அதற்கு முன்பு, நிறுவும்போது பாதியில் சார்ஜ் தீர்ந்தால் கதை முடிந்தது. அது போதாதென்று 2005 அக்டோபரில், பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்ப உதவும் நிரல் என்று சொல்லிக்கொண்டு ஒரு ட்ரோஜன் சுற்றியது. ஓட்டினால் முக்கியமான கோப்புகளை அழித்துவிடும், கருவி அப்புறம் எழவே எழாது. பூட்டை உடைப்பவர்கள் எல்லாம் ராபின் ஹூட் இல்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். செத்த கருவியை எழுப்பும் வழி சோனியிடம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. வாங்கியவர் கைக்கு அது வந்தது சோனி கொடுத்து அல்ல.

இனி எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். அதில் நியாயம் உண்டு. வணிகவியல் வகுப்பில் ரேஸர், பிளேடு கதை எல்லாரும் படித்ததுதான். ரேஸரை மலிவாகக் கொடு, பிளேடில் சம்பாதி. கேம் கன்சோல் தொழிலும் ஏறக்குறைய அப்படித்தான். கருவியில் லாபம் சொற்பம் அல்லது நஷ்டம். விற்கும் ஒவ்வொரு கேமிலும் வரும் உரிமத் தொகையில்தான் பிழைப்பு. பூட்டு உடைந்ததும் முதலில் வந்தது மின்னூல் படிப்பான் என்றால், பின்னாலேயே வந்தது கேம் தட்டின் நகலை மெமரி ஸ்டிக்கில் இருந்து ஓட்டும் வழி. தட்டு வைத்திருப்பவர்களுக்கும் அதில் நன்மை உண்டுதான். மோட்டார் சுற்றாததால் பேட்டரி அதிக நேரம் தாங்கும், கேமும் சீக்கிரம் துவங்கும். ஆனால் அந்த நகல்களில் எத்தனை சொந்தத் தட்டில் இருந்து எடுத்தது என்று கேட்டால் பலரும் கூரையைப் பார்ப்பார்கள். பைரசியால் பி.எஸ்.பி. கேம் விற்பனை பெரிதாக அடிவாங்கியது என்று சோனித் தரப்பிலேயே 2009-ல் சொன்னார்கள். அதைப் பொய் என்று தள்ள முடியாது.

ஆனாலும் ஒன்று. ரேஸர் வாங்கியவர் பிளேடு வாங்கியே ஆக வேண்டும் என்று எந்தக் கடையிலும் கையெழுத்து வாங்குவதில்லை. 249.99 டாலர் என்று விலை வைத்தது சோனி, அதைக் கொடுத்து முடித்தவர் வாடிக்கையாளர். கணக்கு அங்கேயே முடிந்தது. அதற்கப்புறம் அந்தக் கருவியில் ஒருவர் சொந்தமாக நிரல் எழுதி ஓட்டினால், சோனியின் வியாபாரத் திட்டத்துக்கு அது இடைஞ்சலாக இருக்கலாம், சோனியின் சொத்து எதுவும் களவு போகவில்லை. அடுத்தவர் கேமை நகலெடுத்து ஆடினால் களவு. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பி.எஸ்.பி.யின் பூட்டுக்குத் தெரியாது. அதற்கு முத்திரை உள்ளது, இல்லாதது என்ற இரண்டு சாதிதான்.

இங்கேதான் சோனி கோட்டைவிட்டது. ஒரே கதவை வைத்து, நிரல் எழுதுகிறவனையும் கேம் திருடுகிறவனையும் அதே கதவுக்கு வெளியே நிறுத்தினால் என்ன நடக்கும்? இரண்டு பேரும் சேர்ந்து கதவை உடைப்பார்கள். உடைக்கும் மூளை முதலாமவனிடம்தான் இருக்கிறது, இரண்டாமவன் சும்மா பின்னால் நுழைகிறவன். முதலாமவனுக்குத் தனியாக ஒரு ஜன்னல் வைத்திருந்தால், இரண்டாமவன் கதவுக்கு வெளியே நெடுநேரம் நின்றிருப்பான்.

இது வெறும் கற்பனை இல்லை. சோனியே அந்த ஜன்னலை வைத்திருக்கிறது! முதல் பிளேஸ்டேஷன் காலத்தில், 1997-ல், நெட் யரோஸ் என்று கருப்பு நிறத்தில் ஒரு பிளேஸ்டேஷனை ஆர்வலர்களுக்காகவே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்றது, வீட்டில் இருந்தே கேம் எழுதலாம் என்று. 2006-ல் வந்த பிளேஸ்டேஷன் 3-ல் லினக்ஸ் நிறுவிக்கொள்ள வழி கொடுத்தது. 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் அந்த லினக்ஸ் வழியாகவே உள்ளே ஒரு ஓட்டை போட்டதாக அறிவித்தார். ஏப்ரல் 1 அன்று (தேதி தற்செயல்தான்) சோனி அந்த வசதியையே பிடுங்கிவிட்டது. "பார்த்தீர்களா, ஜன்னல் வைத்தால் திருடன் அது வழியாகத்தான் வருவான்" என்று சொல்லலாம். ஆனால் அதற்குப் பின் என்ன நடந்தது? மூன்றேகால் வருடம் பெரிதாக உடையாமல் இருந்த கருவி, ஜன்னலை அடைத்த அதே வருடத்தில் முழுசாக உடைந்தது. டிசம்பரில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழுவினர் பெர்லின் மாநாட்டு மேடையில் ஏறி, சோனி முத்திரை குத்தும்போது ஒவ்வொரு முறையும் மாற வேண்டிய ஒரு எண்ணை மாற்றாமலே வைத்திருந்ததைப் போட்டு உடைத்தார்கள். அந்த ஒரு பிசகில் இருந்து ரகசியச் சாவியையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். லினக்ஸைப் பிடுங்கியதுதான் திறமைசாலிகளை இந்தப் பக்கம் திருப்பியது என்பது அவர்கள் வாதம். அடுத்த மாதமே பி.எஸ்.பி.யின் சாவிகளும் பிளேஸ்டேஷன் 3-க்குள் இருந்தே கிடைத்தன. ஆறு வருட எலி பூனை ஓட்டம் அத்தோடு சரி. யார் வேண்டுமானாலும் தன் நிரலுக்குச் சோனி முத்திரை குத்திக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

ஆர்வலரையும் பைரசிக்காரரையும் பிரிக்கவே முடியாது என்பதும் சரியில்லை. 2010-ல் வந்த ஹாஃப் பைட் லோடரைப் பாருங்கள். அது கருவியின் மேல்மட்டத்தில் மட்டும் இயங்கும், ஹோம்ப்ரூ ஓடும், கேம் நகல் ஓடாது. எழுதியவர்கள் பைரசிக்கு எதிரானவர்கள், அதைத் தெரிந்தேதான் செய்தார்கள். ஊதியமில்லாமல் ராத்திரி கண்விழித்து எழுதிய சிலரால் போட முடிந்த கோட்டை, அத்தனை பெரிய நிறுவனத்தால் போட முடியாதா?

சட்டங்களும் இதில் ஊருக்கு ஒரு மாதிரி. அமெரிக்காவில் 2010-ல் கைபேசியின் பூட்டைத் திறக்க விலக்குக் கொடுத்தார்கள். 2012-ல் கன்சோலுக்கும் அதையே கேட்டபோது, பைரசிக்கு வழிவிடும் என்று மறுத்துவிட்டார்கள். இந்தியாவில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு கொஞ்சம் நிதானமானது. பூட்டை உடைத்தவர் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தாரா என்பதைப் பார்க்கிறது. கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறார்கள்.

2021 ஜூலையில் சோனி பி.எஸ்.பி.யின் இணையக் கடையை மூடியது. பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகளையும் மூடுவதாகத்தான் அறிவித்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் அந்த இரண்டையும் விட்டுவிட்டார்கள். பி.எஸ்.பி. கடைக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. புது பேட்டரி சோனியிடம் கிடைக்காது. சோனியின் மெமரி ஸ்டிக்கைத் தேடுவதும் வீண். ஆனால் சாதாரண மைக்ரோ எஸ்.டி. அட்டையை அதில் செருக வைக்கும் மலிவான அடாப்டர் கிடைக்கிறது, கஸ்டம் ஃபர்ம்வேரும் கிடைக்கிறது. கடைசி ஃபர்ம்வேர் 6.61. அதற்குப் பிறகு பூனை ஓடுவதை நிறுத்திவிட்டது.

வீட்டுப் பரணில் பழைய பி.எஸ்.பி. கிடக்கிறது என்றால் இன்றைக்கு வேலை சுலபம். கருவியை 6.61-க்குக் கொண்டுவந்து, சார்ஜ் முழுசாக ஏற்றி, நிறுவும் கோப்புறையை மெமரி ஸ்டிக்கின் கேம் கோப்புறைக்குள் போட்டு, மெனுவில் இருந்து திறந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மெமரி ஸ்டிக்கில் இருக்கும் பழைய சேமிப்புக் கோப்புகளை மட்டும் முதலில் கணினியில் நகலெடுத்து வைப்பது நல்லது. அதற்கும் முன்னால் பின்மூடியைத் திறந்து பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். உப்பியிருந்தால் அதைச் சார்ஜில் போடவே கூடாது.