ஆங்கிலம் கற்பிக்கும் தகுதி கடவுச்சீட்டிலா உள்ளது?

பட்டம் பெற்றதும் ஆங்கிலம் கற்பிக்க அந்நிய நாடு செல்லும் ஆயத்தம் இன்று எமது விடுதி அறைகளிலே மும்முரமாக நடைபெறுகின்றது. இதனைக் கண்டு முகஞ்சுளிப்போர் உளர். இலவசக் கல்வி பெற்றவர்கள் நாட்டைக் கைவிடுகின்றனர் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. 2022 இன் பொருளாதார வீழ்ச்சியின்போது, அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையிற் சென்று வெளிநாட்டில் உழைக்கலாம் எனச் சுற்றறிக்கை விடுத்தது அரசே என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எமது ஆசிரியர்கள் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரிலே கல்வீடு எழுந்தபோது பெருமை பேசிய நாம், வேலையற்ற இன்றைய பட்டதாரிக்கு மட்டும் தேசபக்தி போதிப்பது நேர்மையாகாது. ஆகவே, போவதா விடுவதா என்பதன்று எனது வாதம். போவதற்கென நாம் செய்துகொள்ளும் ஆயத்தம் எத்தகையது என்பதே வினா.

எனது வகுப்புத் தோழி ஒருத்தியின் அனுபவத்தைக் கூறுகின்றேன். ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்றுத் திறமைச் சித்தி பெற்றவள். கிழக்காசிய நாடொன்றின் தனியார் நிறுவனம் அவளை இணையவழி நேர்முகத்துக்கு அழைத்தது. அதற்கென ஒரு மாதம் கண்ணாடிமுன் நின்று அமெரிக்கரைப் போல நாவைச் சுழற்றிப் பழகினாள். அந்தச் சத்தம் பக்கத்து அறைகளுக்கும் கேட்டது. நாம் சிரித்தோம், இப்பொழுது நினைக்க வெட்கமாயிருக்கின்றது. நேர்முகமோ நான்கு நிமிடத்தில் முடிந்தது. இலக்கணம் பற்றியோ, பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பாய் என்றோ ஒரு கேள்வியும் இல்லை. பிறந்த நாடு எதுவெனக் கேட்டனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுவோரையே பெற்றோர் விரும்புகின்றனர் என்றனர். அவ்வளவுதான்.

இதனை ஒரு நிறுவனத்தின் குறுகிய புத்தி என ஒதுக்கிவிட முடியாது. தென்கொரியாவில் மொழி போதிப்போர்க்கு வழங்கப்படும் 'ஈ-2' விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, பொதுவிதிப்படி அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டவர்க்கே உரியது. பட்டம் எந்தத் துறையில் இருந்தாலும் போதும். அதாவது, கனடியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இரசாயனவியற் பட்டதாரி அங்கே ஆங்கில ஆசிரியராகலாம். ஆங்கிலத்தையே சிறப்புப் பாடமாகக் கற்ற எமது பட்டதாரிக்குக் கதவு பூட்டு. சாதி பார்த்துக் கோயிற் கதவை அடைத்த சமூகத்திலிருந்து வந்த எமக்கு இந்தத் தர்க்கம் புதிதன்று. பிறப்பே தகுதி.

இத்தர்க்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. ஆங்கிலத்தின் இலட்சிய ஆசிரியர் அதனைத் தாய்மொழியாகக் கொண்டவரே என்ற எண்ணம், 1961 இல் உகண்டாவின் மக்கரேரேயில் நடைபெற்ற பொதுநலவாய மாநாட்டிலேயே வேரூன்றியிருந்தது என்பதை றொபேர்ட் பிலிப்சன் 1992 இல் வெளிவந்த 'மொழி ஏகாதிபத்தியம்' பற்றிய தமது நூலில் எடுத்துக்காட்டி, அதனை வெறும் மயக்கம் என நிராகரித்தார்.

மயக்கம் என்பதற்குக் கொரிய மாணவனே சான்று. அவனுடைய மொழியில் வினை வாக்கியத்தின் இறுதியில் வரும், தமிழிலும் அவ்வாறே. ஆங்கிலத்திற் பெயருக்கு முன்னே நிற்கும் இடைச்சொல், அவன் மொழியிற் போலவே எமது மொழியிலும் உருபாகப் பின்னே ஒட்டும். 'த' என்னும் சுட்டுச்சொல்லை எங்கே இடுவது, எங்கே விடுவது என அவன் தடுமாறும் ஒவ்வோர் இடத்திலும் நாமும் தடுமாறியிருக்கின்றோம். பல்லில் ஒருவாறும் அம்பில் வேறுவாறும் எமது பகரம் ஒலிப்பதுபோல அவனது பகரமும் இடத்துக்கேற்ப ஒலி மாறும். எம்மைப் போலவே அவனுக்கும் 'எஃப்' ஒலி இல்லை. நாம் 'கோப்பி' என்பதை அவன் ஏறத்தாழக் 'கொப்பி' என்பான். (எமது கொப்பியோ எழுதுவதற்கானது.) இத்தடைகளைக் கடந்து ஆங்கிலத்தைக் கற்றவர் அந்த மாணவனுக்கு வழிகாட்டத் தகுதியற்றவர், பிறப்பினால் அதைப் பெற்று, தடையே அறியாதவர் தகுதியுடையவர் என்பது என்ன நியாயம்?

ஆனால், அந்நியரை மட்டும் கண்டிப்பது எமக்கு வசதியான அரைநியாயமே. அறுபதுகளிற் கலைத்துறைக் கல்வி தாய்மொழிக்கு மாறிய பின்னர், வளாகங்களில் ஆங்கிலத்துக்குச் சிங்கள மாணவர் இட்ட பெயர் 'கடுவ', அதாவது வாள். அந்த வாளை வெட்டுவதற்குப் பயன்படுத்துவோர் இன்றும் எம்மிடையே உளர். முல்லைத்தீவிலிருந்தோ மலையகத் தோட்டத்திலிருந்தோ வந்த மாணவன் கருத்தரங்கில் ஆங்கிலச் சொல்லொன்றைப் பிழையாக உச்சரித்தாற் பின்வரிசையில் எழும் சிரிப்பை யார் கேட்டதில்லை? அந்த நேர்முகத்தில் என் தோழியை அளந்த அளவுகோல் இதே அளவுகோல்தான். நாம் பிறரை அளக்கும் கோலால் எம்மை அளக்கும்போது மட்டும் அநீதி என்கின்றோம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தம் மாணவர்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களிற் கிறுக்கியவற்றையும் வரைந்தவற்றையும் கூட ஆராய்ந்து, மொழி ஏகாதிபத்தியத்தை விளிம்பிலுள்ளோர் எதிர்கொள்ளும் விதம் பற்றி 1999 இல் நூல் எழுதினார். அதனை ஒக்ஸ்போர்ட் வெளியிட்டதும், அவர் அமெரிக்காவிற் பேராசிரியரானதும் முரண்தான். ஆயினும் மாணவரின் கிறுக்கலை அறியாமையாகக் கொள்ளாது எதிர்வினையாகப் படித்த அந்தப் பார்வை எமக்கு வேண்டும்.

எமது ஆயத்தத்திலும் பொய் உண்டு. 120 மணித்தியாலப் பயிற்சி என்னும் சான்றிதழை, ஒரு பிள்ளையின் முகத்தைத்தானும் காணாமல், கணினியில் வினாக்களுக்கு விடை தெரிவுசெய்தே பெற்றுவிடலாம். பணங்கட்டி அதைப் பெற்றவர் எமது வகுப்பிலேயே உளர். இங்கே மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் பாடமாக உள்ளது. சாதாரண தரம் வரை கற்றும் ஒரு வாக்கியம் பேசத் தயங்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றனர். அவர்களுள் பத்துப் பேரை ஒரு தவணை மாலைதோறும் இருத்திக் கற்பித்துப் பார்ப்பதே உண்மையான பயிற்சி. உச்சரிப்பைக் கழுவித் துடைக்கும் வகுப்புக்கு அழும் பணமும் மிச்சமாகும்.

தோழி இப்பொழுது மாலைதீவுப் பாடசாலையொன்றுக்கு விண்ணப்பித்துள்ளாள். அறுபதுகளிலிருந்தே எமது ஆசிரியர்கள் சென்ற நாடு அது. அங்குள்ள பிள்ளைகளின் திவெஹி மொழி சிங்களத்துக்கு நெருங்கிய உறவு என அறிந்தது முதல், கண்ணாடியை விட்டுவிட்டு, பக்கத்து அறைச் சிங்களத் தோழியிடம் வினையும் வேற்றுமையும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கின்றாள். இரண்டு கொப்பிகள் நிரம்பிவிட்டன.